அத்தையின் நேர்ச்சைக்குத் துணை போன கதை

வெள்ளி, பள்ளத்தூர்

நேர்ச்சை என்பது கேட்டது கிடைத்த பிறகு செலுத்துவது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். காய்ச்சல் விட்டால் மெழுகுதிரி, பரீட்சையில் பாஸானால் மொட்டை, வீடு கட்டி முடித்தால் வேளாங்கண்ணிக்கு நடை. என் மாமியார் செலுத்தக் கிளம்பியிருக்கும் நேர்ச்சை இந்தக் கணக்கில் சேராது.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்து, போய்விட்டாள். அந்த நாள்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அத்தை ஓரியூரில் கோயில் கொண்டிருக்கும் புனிதர் அருளானந்தரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளையைக் காப்பாற்றிக் கொடும், உம்முடைய கோயிலுக்கு வருகிறேன் என்று. பிள்ளை பிழைக்கவில்லை. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தத் தவக்காலம் தொடங்கியதும், "ஓரியூருக்குப் போகணும், கடன் கிடக்கு" என்று ஆரம்பித்துவிட்டார்.

"என்ன கடன் அத்தை? கேட்டதைத்தான் அவர் தரலையே?"

"தந்தாத்தான் வருவேன்னு நான் சொல்லல. வர்றேன்னுதான் சொன்னேன்."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் லீவு போட்டார், நானும் போட்டேன். கிளம்பும்போதே அத்தையிடம் சொல்லிவிட்டேன்: நான் வருவேன், ஆனால் ஜெபம் சொல் என்று என்னைக் கேட்கக் கூடாது. "நீ சும்மா வா. நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாக வந்தோம். தங்குவது பள்ளத்தூரில், இவருடைய கல்லூரி நண்பர் வீட்டில். நண்பர் சென்னையில் இருக்கிறார். அவருடைய அம்மா மட்டும் இந்தச் செட்டிநாட்டு வீட்டின் முகப்பையும் வளவு என்கிற உள்முற்றத்தையும் இரண்டாங்கட்டையும் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறார். நாங்களும் ஊரைப் போலவே அவரை ஆச்சி என்றே கூப்பிடுகிறோம்.

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் கோழி வறுவலை நினைத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் வந்தது வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலத்து வெள்ளி. அத்தைக்கு இந்த நாற்பது நாளும் சுத்தபோசனம், அதாவது மாமிசம் கிடையாது. வெள்ளிதோறும் ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. ஆச்சியிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். "எங்க வீட்லயும் விரதம்னா விரதந்தான்" என்று அவர் இடியாப்பமும் கோஸ்மல்லியும் எடுத்து வைத்தார். அத்தையின் ஒரு வேளைச் சாப்பாடு இடியாப்பத்தில் முடிந்தது. எனக்கு வெள்ளைப் பணியாரமும் கிடைத்தது.

சாயங்காலம் காரைக்குடி செக்காலை சகாய மாதா கோயிலில் சிலுவைப் பாதை, இயேசு சிலுவை சுமந்து போன வழியை நிறுத்தம் நிறுத்தமாகத் தியானிக்கிற வழிபாடு. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை முட்டி போட்டு எழுந்த பதினான்கு தலங்கள்தான். இன்று முட்டி போடாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் சில விஷயங்கள் புதிதாகக் கண்ணில் படும். இயேசு மூன்று தடவை கீழே விழுகிறார்: மூன்றாம் தலம், ஏழாம் தலம், ஒன்பதாம் தலம். நான்கு நற்செய்திகளில் எதைப் புரட்டினாலும் அவர் விழுந்ததாக ஒரு வரிகூடக் கிடையாது. பிற்காலத்து விசுவாசிகள்தான் இதைச் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தவர்கள் ஒரு தடவை விழுந்ததோடு விடாமல், எழுந்து நடந்த பிறகு மறுபடியும், அதன் பிறகு இன்னொரு முறையும் விழ வைத்திருக்கிறார்கள். யாரோ பட்டுத் தெரிந்துதான் எழுதியிருக்க வேண்டும். ஒரு தடவை எழுந்துவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்குச் சொன்னவர்களுக்கு இது தெரியவில்லை.

பதின்மூன்றாம் தலத்தில் மகனின் உடலைத் தாய் மடியில் வாங்கிக்கொள்கிறாள். அங்கே நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இவரும் பின்னாலேயே வந்தார். இரண்டு பேரும் பேசவில்லை. உள்ளே பாட்டு தொடர்ந்துகொண்டிருந்தது. அதில் அத்தையின் குரல் தனியாகக் கேட்டது. சுதி சேராத குரல், அதனால் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

திமிர்வாதக்காரனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்கிய கதை மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. படுத்திருந்தவன் வாயைத் திறந்ததாகவே இல்லை. இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. வெளியே படிக்கட்டில் நின்றபோது இது ஞாபகத்துக்கு வந்தது. கட்டிலில் கிடக்கிறவள் நான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சனி, பள்ளத்தூர்

சாயங்காலம் வரைக்கும் ஊர் சுற்றல். எல்லாரும் எழுதிய விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள், பர்மா தேக்கு, பளிங்குத் தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர். பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. அரண்மனையை வெளியே நின்று பார்த்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்றோம். சின்னக் கண்ணாடித் தகடு ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் பூ அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கலர் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் கலர்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன் மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்து அமுக்கிவிடுகிறார்கள். செய்கிறவர் பார்ப்பதெல்லாம் பின்பக்கம்தான். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியைப் பிரித்த பிறகுதான் பூ தெரியும். இதை வைத்துக்கொண்டு யாராவது ஒரு பிரசங்கம் செய்துவிடுவார்களோ, 'ஆண்டவருடைய திட்டமும் இப்படித்தான், நமக்குப் பின்பக்கம்தான் தெரியும்' என்று ஆரம்பித்துவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு சதுர அடி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பாடா.

குழந்தை போன பிறகு இந்த மாதிரி பிரசங்கங்களை நிறையக் கேட்டாயிற்று. ஆண்டவர் நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார். தாங்கக்கூடிய ஆளுக்குத்தான் சிலுவை கொடுப்பார். உனக்கு வயசிருக்கு, அடுத்தது சரியாக வரும். ஜெபக்கூட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா, விசுவாசம் இருந்தால் மனநல டாக்டர் எதற்கு, மாத்திரையை நிறுத்திவிடு என்றார். நான் நிறுத்தவில்லை. மாத்திரையால்தான் தூக்கம் வந்தது, தூங்கியதால்தான் வேலைக்குப் போக முடிந்தது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி ஒரு அறிவுரை கிடைத்திருந்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த அம்மா போன பிறகு அத்தை என் மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் ஜெபமாலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பதறிவிட்டேன். "மறந்துட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுல்ல" என்றார். அன்றிலிருந்து ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் அதே பையிலிருந்து மாத்திரை வரும். இங்கேயும் அப்படித்தான்.

பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூன்று பேரை எல்லாரும் திட்டுவார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். பாவம், ஆரம்பத்தில் அவர்கள் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் வினையே.

வழியில் காரைக்குடி கண்ணதாசன் மணிமண்டபத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னது அத்தை. சினிமாப் பாட்டு எதுவும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஆனால் 'இயேசு காவியம்' அவருடைய அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கும். இங்கே பக்கத்தில் சிறுகூடல்பட்டியில் பிறந்து, இந்து மதத்தைப் பற்றி அத்தனை எழுதிய மனிதர் கடைசிக் காலத்தில் எழுதியது அது. 1981-ல் அவர் அமெரிக்காவில் இறந்த பிறகுதான் அச்சில் வந்தது.

ராத்திரி வளவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆச்சி பர்மா கதை சொன்னார். அவருடைய மாமனார் காலத்தில் அங்கே வட்டிக்கடையும் நிலமும் இருந்திருக்கின்றன. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பாதி போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாட்டு அரசாங்கம் நிலங்களை எடுத்துக்கொண்டபோது மீதியும் போயிற்று. "பத்திரமெல்லாம் இன்னும் பெட்டகத்துல இருக்கு. என்னத்துக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது" என்று சிரித்தார். அவருடைய கணவர் இந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டி வந்தவராம். மஞ்சள் நீர் குடித்து, ஊரறிய மகனாக எடுத்துக்கொள்கிற வழக்கம் நகரத்தாரிடம் உண்டு. அத்தை என் பக்கம் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் திரும்பவில்லை. அந்தப் பேச்சுக்கு எனக்கு இன்னும் நாள் வேண்டும்.

அப்புறம் ஆச்சி, ஏதோ சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பது போல, "பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்தீக?" என்று கேட்டார்.

எப்படி ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார், அடுத்தது எப்போ என்றெல்லாம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பேரை யாரும் கேட்டதில்லை. சொன்னேன். சொல்லும்போது குரல் உடையும் என்று நினைத்தேன், உடையவில்லை. ஆச்சி ஒரு தடவை அந்தப் பேரைத் தானும் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்ல பேரு" என்றார். பிறகு கவுனி அரிசியை ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்று எழுந்து போனார்.

ஞாயிறு, பள்ளத்தூர்

செக்காலையிலேயே காலைப் பூசை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு, இந்த வருடம் லாசர் உயிர்த்தெழுந்த நற்செய்தி. வாசகத்தை நினைத்து நேற்றிலிருந்தே எனக்குக் கொஞ்சம் கடுப்பு. அடுத்த வீட்டுக்காரனுக்கு உயிர் திரும்பி வந்த கதையை எனக்கு ஏன் படித்துக்காட்டுகிறார்கள் என்பதுதான்.

ஆனால் யோவான் பதினோராம் அதிகாரம் நீளம். லாசர் எழுந்து வருவது அதில் கடைசிக் கொஞ்சம்தான். அதற்கு முன்னால் நடப்பதைத்தான் இன்று காது கொடுத்துக் கேட்டேன். நண்பனுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து சொல்லியும் இயேசு கிளம்பவில்லை, இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கிவிடுகிறார். வந்து சேரும்போது அடக்கம் முடிந்து நான்கு நாள். மார்த்தா ஓடி வந்து சொல்கிற முதல் வார்த்தையே குறைதான்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான். பின்னாலேயே மரியா வருகிறாள். அவளும் அதே குறையைச் சொல்கிறாள். அக்காளும் தங்கையும் இந்த நான்கு நாளும் வீட்டுக்குள் அதையே சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் போல.

இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் போதாது என்று மரியாவிடம் சொல்லவில்லை. நல்ல பூவைத்தான் பறிப்பார்கள் என்றும் சொல்லவில்லை. அழுகிறார். இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவர், அது தெரிந்தும் கல்லறைக்குப் போகிற வழியில் நின்று அழுகிறார். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து நேராக உயிர்ப்புக்குப் போய்விடுகிறார்கள்.

உயிர்ப்பை நான் நம்புகிறேனா? ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொன்ன விஷயம்தான். சொல்வது ஒன்று, சொந்தப் பிள்ளையை வைத்துச் சொல்வது வேறு. இன்று அந்த வரி வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் அத்தை அழுத்தமாகச் சொன்னார், எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அத்தைக்கு யாரோ சிநேகிதமாகிவிட்டார். நம் அத்தைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்தப் பாட்டிக்கு ஒரு பேரன், பிறக்கும்போதே உயிரில்லை, ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. மோட்சமும் இல்லாத, நரகமும் இல்லாத 'லிம்போ'வில்தான் இருப்பானோ என்று இன்னும் அவருக்குக் கவலை. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இதில் மட்டும் நான் வாயைத் திறந்தேன், ஏனென்றால் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்த காலம் எனக்கு இருந்தது. 1992-ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் லிம்போ என்ற பேச்சே இல்லை, அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்றுதான் இருக்கிறது. 2007-ல் வத்திக்கானின் இறையியல் குழு இதற்கென்றே ஓர் ஆவணம் வெளியிட்டது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ளக் காரணம் இருக்கிறது என்பது அதன் முடிவு. பாட்டிக்கு இதை எப்படிச் சொல்வது? "அதெல்லாம் பழைய கதை பாட்டி. ரோமாபுரியிலேயே எழுதிட்டாங்க, பயப்படாதீங்க" என்றேன். "எழுத்துலயேவா?" என்று கேட்டார். எழுத்திலேயே என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. கடைசி நாள் ராத்திரி சாமியாரைக் கூப்பிட நேரமில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபை செய்ய நினைப்பதையே தானும் செய்ய வேண்டும் என்ற எண்ணமும், தண்ணீரும், அந்த வார்த்தைகளும் போதும். அத்தைக்கு இது தெரிந்திருந்தது. எங்களை உள்ளே விடவில்லை. ட்யூட்டியில் இருந்த நர்ஸ் ஓர் இந்துப் பெண், ரொம்பச் சின்னப் பெண். ஊசி மருந்து கலக்குகிற தண்ணீர்ப் புட்டியை உடைத்து, சிரிஞ்சில் எடுத்து, பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, குழந்தையின் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விட்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று அத்தை ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை அசைத்துக் காட்ட, அவள் உள்ளே நின்று திருப்பிச் சொன்னாள்: பிதா, சுதன், பரிசுத்த ஆவி. 'ஆவி' என்பது அவளுக்குப் புரியவில்லை. அத்தை கண்ணாடியில் மூச்சை ஊதிக் காட்டினார்.

மத்தியானம் தேவகோட்டை வரை ஒரு சுற்று. அருளானந்தரின் போர்ச்சுகீசியப் பேரைத் தாங்கிய, ஏசு சபையாரின் தே பிரித்தோ பள்ளியைத் தாண்டும்போது, நாளைக்குப் பார்க்கப்போகிற ஆள் இவர்தான் என்று அத்தை வணக்கம் வைத்தார். வேறு சொல்ல ஒன்றுமில்லை. தூங்கினோம்.

திங்கள், ஓரியூர்

தேவகோட்டை, திருவாடானை வழியாக வந்தோம். செட்டிநாட்டு வீடுகள் மறைந்து கருவேலங்காடும் வறண்ட கண்மாய்களும் வந்துவிடுகின்றன. இது ராமநாதபுரம் மாவட்டம், பழைய மறவர் சீமை. பாம்பாற்றில் தண்ணீர் இல்லை.

அருளானந்தரின் கதையைத் தெரியாதவர்களுக்காக: போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் தே பிரித்தோ, அரண்மனையில் இளவரசர் பெத்ரோவோடு வளர்ந்தவர். ஏசு சபையில் சேர்ந்து மதுரை மிஷனுக்கு வந்தார். காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரசாமியாக ஊர் ஊராக அலைந்தார். 1686-ல் மறவர் சீமையில் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்தப் பக்கம் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விட்டார்கள். சபை வேலையாக ஐரோப்பா போனவரை, அப்போது ராஜாவாகியிருந்த அந்தப் பழைய சிநேகிதர் அங்கேயே இருக்கச் சொன்னார். இருக்கவில்லை, 1690-ல் திரும்பி வந்துவிட்டார். நோயிலிருந்து குணமான தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுப் பெண். அதிலிருந்து வந்தது வினை. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி இந்த ஆற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். அந்த வருடம் அதே நாள்தான் திருநீற்றுப் புதன். 1947 ஜூனில் ரோமில் புனிதர் பட்டம் கிடைத்தது.

சாவதற்கு முன்னால் ஓரியூர்ச் சிறையிலிருந்து அவர் கடிதம் எழுதியிருக்கிறார். எழுதுகோல் கிடையாது, மை கிடையாது. கரியைத் தண்ணீரில் கரைத்து, வைக்கோல் துரும்பால் எழுதினாராம். சாவுக்காகக் காத்திருக்கிறேன், பொறுமையில்லாமல் காத்திருக்கிறேன் என்கிற மாதிரி எழுதியிருப்பார். அந்த வீரம் எனக்கு எட்டாது. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் துரும்பும் கரித்தண்ணீரும்தான். நாளைக்கு இல்லாமல் போகப்போகிறவர் இன்றைக்குச் சொல்ல வேண்டியதை எழுத இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

திங்கள்கிழமையிலும் நல்ல கூட்டம். பாதிப் பேர் நெற்றியில் திருநீறு, குங்குமத்தோடு வந்திருந்தார்கள். ஒரு குடும்பத்தில் அப்பாவும் மூன்று பையன்களும் ஒரே சமயம் மொட்டை போட்டு வரிசையாக நின்றார்கள். பிள்ளை வரம் கேட்டு வருகிற தம்பதிகள் நிறையப் பேர், பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். வெட்டுண்ட இடத்து மண் சிவப்பு. அவருடைய ரத்தத்தால் சிவந்தது என்பது ஊர் நம்பிக்கை, செம்மண் புனிதர் என்றே அவருக்குப் பேர். எல்லாரும் அந்த மண்ணைக் கொஞ்சம் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். நெற்றியில் இட்டுக்கொள்ளவும் வயிற்றில் பூசிக்கொள்ளவும்தான். அத்தை அதை எடுத்து என் வயிற்றில் பூசப் போகிறார், கூட்டத்துக்கு நடுவில் நான் ஏதாவது கத்திவிடுவேன் என்று கிளம்பும் முன்பே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று கருத்து எழுதிக் கொடுக்கிற இடத்தில் அத்தை நின்றார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பூசையில் இறந்தவர்களுக்கான மன்றாட்டு வந்தபோது சாமியார் பட்டியலை வாசித்தார். அந்தோணிசாமி, ஆரோக்கியமேரி, இப்படி ஐந்தாறு பேர். நடுவில் என் மகளின் பேர். மைக்கில், எக்கோவோடு. இவர் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் அழுந்தி வலித்தது. அவர் அழுவதை ஆஸ்பத்திரியில்கூட நான் பார்க்கவில்லை, இங்கே பார்த்தேன். கூடியிருந்த அத்தனை பேரும், திருநீறு பூசியவர்களும்தான், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சத்தமாகச் சொன்னார்கள். யாரென்றே தெரியாத பிள்ளைக்காக. நானும் சொன்னேன். சத்தம் வந்ததா என்று தெரியாது, ஆனால் சொன்னேன்.

வெளியே வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை அத்தையிடம் கேட்டேன்.

"உங்களுக்குக் கோபமே வரலையா அத்தை?"

"வராம? பிள்ளையைப் பொதச்சதுக்கப்புறம் ஆறு மாசம் அவரோட பேசல."

"தினமும் பூசைக்குப் போனீங்களே?"

"போனேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்துட்டு வந்தேன். உங்க மாமாகிட்டயுந்தான் மாசக்கணக்கா பேசாம இருந்திருக்கேன். அதுக்காக சோறு போடாம இருந்தேனா? வீட்ட விட்டுப் போனேனா?"

"அப்புறம் எப்படிப் பேச ஆரம்பிச்சீங்க?"

"சாமானுக்குக் காசு கேக்கணும்ல" என்றார். மாமாவைச் சொன்னாரா, ஆண்டவரைச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

கிளம்புகிற நேரத்தில் குனிந்து ஒரு கைப்பிடி செம்மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். நான் விறைத்துக்கொண்டு நின்றேன். "உனக்கில்ல. திருச்சியில பிள்ளையோட குழிமேட்டுல போடணும். அவளுக்குத்தான வேண்டிக்கிட்டேன், அவளுக்குத்தான குடுக்கணும்" என்று அந்த முடிச்சை ஜெபமாலைப் பைக்குள், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் செருகினார். கேட்டது கிடைக்கவில்லை என்று நான் கணக்கு எழுதி வைத்திருந்த ஏட்டில், அத்தையின் பக்கத்தில் என் மகள் இன்னும் உயிரோடு வரவு செலவு செய்துகொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. உயிர்ப்பு நாளை நம்புகிறேன் என்று அவர் சத்தமாகச் சொல்வதற்கு அர்த்தம் இதுதான் என்றால், அதை நான் இதுவரை கேட்டதே இல்லை.

போகிறவர்களுக்கு: தண்ணீர் எடுத்துப் போங்கள், காலையிலேயே போய்விடுங்கள். பிப்ரவரியில் அவருடைய திருநாள் சமயத்தில் கூட்டம் அதிகம் இருக்கும்.

செவ்வாய், திருச்சி

காலையில் ஆச்சி கவுனி அரிசியும் ஒரு பனையோலைக் கொட்டானும் கொடுத்தனுப்பினார். வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, அந்த ஓலையையும் இதிலேயே போட்டு வைக்கலாம் என்று அத்தைக்கு யோசனை.

திருமயம் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. படி ஏற முடியாது என்று அத்தை மறுத்துவிட்டதால் கீழிருந்து பார்த்ததோடு சரி. மறுபடி காரில் ஏறியதும் அத்தை ஜெபமாலையை எடுத்தார். செவ்வாய்க்கிழமை, இயேசுவின் பாடுகளை ஐந்து பகுதியாகத் தியானிக்கிற துக்க தேவரகசியம். வழக்கம்போல அவரே முதல் பாதி, அவரே மறுபாதி. புதுக்கோட்டை தாண்டியதும், முள்முடி ரகசியத்தின் நடுவில், "அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே" என்பதோடு குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். விரல் மட்டும் மணியை விடவில்லை.

பாதியில் நின்ற ஜெபத்தை அப்படியே விட இவருக்கு மனசில்லை போல. ரோட்டைப் பார்த்தபடி மீதியைச் சொன்னார். மறுபாதிக்கு ஆள் வேண்டுமே, நான் சொன்னேன். அடுத்ததையும் சொன்னோம். எத்தனையாவது மணியில் அத்தை தூங்கினார் என்று தெரியாததால் குத்துமதிப்பாகப் பத்து என்று வைத்து அடுத்த ரகசியத்துக்குப் போனோம். நான்காவது என்ன என்று இவருக்கு மறந்துவிட்டது. சிலுவை சுமந்தது என்று எடுத்துக் கொடுத்தேன்.

திருச்சி ஊருக்குள் நுழையும்போது அத்தை விழித்துக்கொண்டார். "எதுல விட்டேன்?"

"ஐம்பத்து மூணு மணியும் முடிஞ்சிருச்சும்மா" என்றார் இவர்.

"எங்க முடிஞ்சுது? மாதா பிரார்த்தனை இருக்குல்ல" என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நான் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க. அவசரப்படாம."